வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொடுப்பது: ஒரு கடிதம்

ஐயா, வேளாண்மைத் துறையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்துகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். ப்ரொஜெக்டரில் படம் போட்டு பூச்சிகளின் வாழ்க்கைச் சுழற்சி, மருந்தின் அளவு எல்லாம் விளக்குகிறேன். தலையாட்டிக் கேட்கிறார்கள். மறுநாளே கடைக்காரர் கொடுத்த மருந்தை அடிக்கிறார்கள். "வயசானவங்களுக்கு இனிமே மண்டையில ஏறாது தம்பி" என்கிறார் என் மூத்த அலுவலர். அப்படித்தானா?
ம., நாகை மாவட்டம்

அன்புள்ள ம.,

அப்படி இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக என்று அது அவர்களுக்கு உடனே பயன்பட்டது. அவர்களுக்கு வயது தடையாக இருக்கவில்லை.

உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமான கதை இந்தோனேசியாவுடையது. அங்கே புகையான் என்ற பூச்சி நெல்லில் பெருகிப் பெருகி அழித்தது. மருந்து அடிக்க அடிக்க அது இன்னும் அதிகமானது. புகையான் முட்டையை இலையுறைக்குள் வைப்பதால் மருந்து அதைத் தொடாது; மேலே திரியும் சிலந்திகள்தான் சாகும். பிறகு பொரிக்கும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. 1986-ல் அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. ஆனால் தடை போட்டதாலேயே விவசாயியின் மனதில் உள்ள பயம் போய்விடுமா? 1989-ல் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் அவற்றில் படித்தார்கள்.

அந்தப் பள்ளி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சுமார் 25 பேர், வாரத்துக்கு ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை. ஐந்தைந்து பேராக வயலில் இறங்கி, நெற்குத்துகளைப் பிரித்துப் பார்த்து, தூர்களையும் (ஒரு குத்தில் கிளைத்த தண்டுகளை) பூச்சிகளையும் எண்ணுவார்கள். அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்து பெரிய தாளில் பயிரை வரைவார்கள். ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் சிலந்தி, தட்டான். கடைசியில் இந்த வாரம் என்ன செய்யலாம் என்று குழுவே முடிவு சொல்லும்.

ஒருவர் பூச்சியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், நடத்துபவர் பெயரைச் சொல்லமாட்டார். "எங்கே பார்த்தீங்க? என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்பார். சந்தேகம் இருந்தால் அதைச் சிலந்தியோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்துப் பார்ப்பார்கள். இலை ஓட்டையானால் விளைச்சல் போய்விடுமோ என்று பயமா? சின்னப் பாத்தியில் இளம்பயிரின் இலைகளைக் கத்தரியால் வெட்டிவிட்டு, அறுவடையில் எடை போட்டுப் பார்ப்பார்கள். இளம்பயிர் எவ்வளவு தாங்கி மீண்டும் தழைக்கிறது என்பதைத் தன் கையால் வெட்டிப் பார்த்தவரிடம் கடைக்காரர் பயமுறுத்தி விற்பது எளிதல்ல.

உங்கள் முகாமில் இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன். முடிவை நீங்களே எடுத்துவிட்டு, அதை அறிவிக்கத்தான் அவர்களைக் கூப்பிடுகிறீர்கள். முப்பது வருடம் நிலத்தோடு போராடியவருக்குத் தன் பயத்தைச் சொல்லவும் சோதித்துப் பார்க்கவும் அங்கே இடமில்லை. மரியாதைக்காகத் தலையாட்டுகிறார். விடை தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். படித்தவர்களுக்கு அது மிகவும் கஷ்டம். ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள்.

பரீட்சை வைத்தால் கூச்சப்படுவார்களே என்று யோசிப்பீர்கள். வயலிலேயே குச்சி நட்டு, ஒரு பூச்சியைக் காட்டி, "இது நண்பனா எதிரியா?" என்று இரண்டு பெட்டி வையுங்கள். சீட்டு போடட்டும். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை.

ஒரே நாளில் ஆறு மணி நேரம் வேண்டாம். வாரம் ஒன்றரை மணி நேரம் போதும். மேலிடத்தில் அனுமதி வாங்கச் சிரமப்படுவீர்கள். முதலில் ஒரே ஊரில், ஒரே ஒரு வயலில் செய்து பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். குனிந்து தூரைப் பார்ப்பவர்களும் அவர்கள்தான். பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று பார்க்காமல் அவர்களையும் கூப்பிடுங்கள். அன்றைய கூலி போகாத நேரமாகப் பார்த்து வையுங்கள்.