அனுப்பிய பிட்காயின் மூன்று நாளாகப் போய்ச் சேரவில்லை, பணம் எங்கே?

"வாலெட்டிலிருந்து பிட்காயின் அனுப்பி மூன்று நாளாகிறது. இன்னும் உறுதியாகவில்லை என்றே காட்டுகிறது. பணம் நடுவில் எங்கே மாட்டிக்கொண்டது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கேயும் மாட்டவில்லை. கிளம்பவே இல்லை. இது எனக்கு உறைப்பதற்குள் ஐந்து நாள் தூக்கம் போனது. அதனால் என் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

மலேசியாவின் பினாங்கில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குத் தமிழ் வசனவரிகள் எழுதிக் கொடுக்கிறேன். அவர் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்காயினில் அனுப்புவார். இரண்டு ஆண்டில் 31 முறை. மொத்தம் 0.018 பிட்காயின், அன்றைய விலைக்கு 5,500 வெள்ளி (ரிங்கிட்). 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை மாலை, அத்தனையையும் விற்றுவிடலாம் என்று எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது பிட்காயினை வாங்கி விற்கும் தளத்துக்கு, அனுப்பினேன். மெதுவான கட்டணம், சாதாரணக் கட்டணம், அவசரக் கட்டணம் என்று வாலெட் மூன்று காட்டியது. என்ன அவசரம் என்று முதலாவதைத் தட்டினேன்.

நாள் பார்த்து அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் ஹாவிங் என்ற பாதியாக்கம். அனுப்பல்களைப் பிளாக் என்ற கட்டுகளாகக் கணக்கில் சேர்க்கிறவர்கள் மைனர்கள். அவர்களுக்குப் பிளாக் ஒன்றுக்குக் கிடைத்துவந்த 6.25 பிட்காயின் 3.125 ஆகப் பாதியானது. அதே பிளாக்கில் ரூன்ஸ் என்ற புதிய டோக்கன் முறையும் தொடங்க, இடம் பிடிக்க ஆளாளுக்குக் கட்டணத்தை ஏற்றி விட்டார்கள். அந்த ஒரு பிளாக்கில் கட்டணமாக மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் சேர்ந்தது. என்னுடையது வரிசையின் அடியில் கிடந்தது.

நொடியில் பணம் போகும் டுயிட்நவ் வங்கிச் சேவையில் அனுப்பிப் பழகிய கைக்கு இது நெஞ்சுவலி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். பாயான் லெப்பாஸில் வேலை, இதிலெல்லாம் கெட்டிக்காரன். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சித்தப்பா, காசு எங்கேயும் போகல. நீங்க கையெழுத்துப் போட்டு ஒரு தாளை வெளியே விட்டிருக்கீங்க. அதை இன்னும் யாரும் கணக்குப் புத்தகத்துல ஒட்டல. அவ்வளவுதான்."

அவன் சொன்னதுதான் விஷயம். டிரான்ஸாக்ஷன் என்பது, 'என் பெயரில் உள்ள இந்தக் காசுகளை இந்த முகவரிக்கு மாற்றுங்கள்' என்று கையெழுத்திட்ட அறிவிப்பு. நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் அதைச் சரிபார்த்துத் தத்தம் மெம்பூலில், அதாவது காத்திருப்பு அறையில், போட்டு வைக்கின்றன. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். அதில் இடம் கொஞ்சம்தான். பட்டர்வொர்த் பெரி வரிசை மாதிரி முதலில் வந்தவர் முதலில் ஏறுவது இங்கே கிடையாது. அடைக்கும் இடத்துக்கு யார் அதிகம் கொடுக்கிறாரோ அவரை மைனர் முதலில் ஏற்றுவார். பிளாக்கில் ஏறும்வரை காசு, கணக்குப்படி, உங்களிடம்தான் இருக்கிறது.

'அடைக்கும் இடம்' என்றேனே, நான் கோட்டை விட்டது அங்கேதான். 5,500 வெள்ளி என்பது சின்னத் தொகை, கட்டணமும் சின்னதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிட்காயினில் தொகைக்குக் கட்டணம் இல்லை, அறிவிப்பின் நீளத்துக்குத்தான் கட்டணம்.

தைப்பூசம் முடிந்து உண்டியல் எண்ண உட்கார்ந்திருக்கிறீர்களா? ஆயிரம் வெள்ளி ஐம்பது வெள்ளித் தாள்களாக இருந்தால் இருபது தாள், ஒரு நிமிட வேலை. அதே ஆயிரம் 20 சென் நாணயங்களாக இருந்தால் ஐயாயிரம் காசு. முதுகு ஒடிந்துவிடும். என் வாலெட் திரையில் ஒரே எண்ணாகத் தெரிந்தது உண்மையில் உண்டியல் சில்லறை. வந்த 31 தொகையும் 31 தனித்தனிக் காசாகவே கிடந்தன. செலவழிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கையெழுத்து வேண்டும். இப்போது புழங்கும் செக்விட் வகை முகவரிகளில் ஒரு காசைச் சேர்க்க ஏறக்குறைய 68 விபைட் (பிளாக்கில் இடத்தை அளக்கும் அலகு) இடம் பிடிக்கும். என் அறிவிப்பு மொத்தம் 2,150 விபைட். நான் வைத்ததோ விபைட்டுக்கு 20 சதோஷி. ஒரு பிட்காயினில் 10 கோடி சதோஷி.

காசை உடைத்து வாங்கும் பழக்கமும் இதில் உண்டு. பெரிய காசில் கொஞ்சம் மட்டும் அனுப்பினால், மீதியை உங்களுக்கே திருப்பி எழுதிக்கொள்ள வேண்டும். வாலெட் அதைத் தானே செய்துவிடும். எழுதாமல் விட்ட மீதி முழுவதும் மைனருக்குக் கட்டணமாகிவிடும். 2023 செப்டம்பரில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இதில் சறுக்கி, சுமார் 2,000 டாலர் அனுப்பப்போய் 19.8 பிட்காயினைக் கட்டணமாகக் கொடுத்தது. அன்றைய விலைக்கு ஏறக்குறைய 5 லட்சம் டாலர். அந்தப் பிளாக்கை எடுத்த மைனர் குழு நல்ல மனசு பண்ணித் திருப்பிக் கொடுத்தது.

சரி, மாட்டியதை எப்படி நகர்த்துவது? இரண்டு வழி.

அதே காசுகளை வைத்து, கட்டணத்தை மட்டும் ஏற்றி இன்னொரு அறிவிப்பு விடலாம். அது பழையதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும். இதற்கு ஆர்பிஎஃப் (replace-by-fee, கட்டணம் ஏற்றி மாற்றுவது) என்று பெயர். முன்பெல்லாம் இதற்கு இடம் உண்டு என்று அறிவிப்பிலேயே குறிப்பு வைத்திருக்க வேண்டும். நெட்வொர்க் கணினிகளில் பெரும்பாலும் ஓடும் மென்பொருளான பிட்காயின் கோரின், 2024 அக்டோபரில் வந்த 28-ஆம் பதிப்பு முதல், குறிப்பு இல்லாவிட்டாலும் மாற்றீட்டை ஏற்பதே இயல்பு அமைப்பு. அனுப்பியவர் பணத்தை வேறு முகவரிக்குத் திருப்பவும் இதே வழி உதவும். இதனால்தான் உறுதியாகாத பிட்காயினை நம்பி யாருக்கும் பொருளைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். பணத்தை வேறு முகவரிக்குத் திருப்பவும் இதே வழி உதவும்.

இன்னொன்று, மாட்டியதிலிருந்து உங்களுக்கு வரவேண்டிய மீதியை அதிகக் கட்டணத்தோடு செலவழிப்பது. பிள்ளையை ஏற்ற வேண்டுமானால் பெற்றவரையும் ஏற்றியாக வேண்டும் என்பதால் மைனர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். எனக்கு இது கைகொடுக்கவில்லை. மொத்தத்தையும் வழித்து அனுப்பிவிட்டேன், மீதியே கிடையாது. எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிப் பார்த்தேன். தங்களிடம் இன்னும் வந்து சேரவில்லை என்று பதில் வந்தது. நியாயம்தான்.

நல்லவேளை, என் வாலெட்டில் ஆர்பிஎஃப் பொத்தான் இருந்தது. புதன்கிழமை நெரிசல் கொஞ்சம் இறங்கியதும் 20-ஐ 60 ஆக்கினேன். இரவு வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஏறியிருந்தது. கட்டணம் சுமார் 400 வெள்ளி. அந்தத் தொகை முழுவதும் ஒரே காசாக இருந்திருந்தால், அதே 60 வீதத்தில் 20 வெள்ளியோடு போயிருக்கும்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலான கணினிகள் இரண்டு வாரம் வைத்திருந்து மெம்பூலிலிருந்து கழற்றிவிடும். நெரிசல் மிகுந்தால் அதற்கு முன்பேகூட. அப்போது காசு மறுபடி செலவழிக்கக் கூடியதாக உங்கள் வாலெட்டில் தெரியும். ஆனால் பழைய அறிவிப்பு செல்லாததாகிவிடாது, யார் வேண்டுமானாலும் அதை மறுபடி வெளியே விடலாம். ஆகவே மறுமுறை அனுப்பும்போது அதே காசுகளில் ஒன்றையாவது சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஏறி, இரட்டிப்பாகப் போய்விடக்கூடும்.

அப்புறம், இந்தக் கேள்வியை நீங்கள் வேறு எங்கே கேட்டிருந்தாலும், 'வேகப்படுத்தித் தருகிறேன்' என்று உள்பெட்டிக்கு ஆள் வந்திருப்பார். எனக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தேன் ஒழுகப் பேசிவிட்டு, வாலெட்டின் 12 மீட்பு வார்த்தைகளைக் கேட்டார். அதைக் கொடுத்தால் கையெழுத்துப் போடும் பேனாவையே கொடுத்த மாதிரி. உடனே தடுத்துவிடுங்கள்.

உங்கள் டிரான்ஸாக்ஷன் எண்ணை ஏதாவது ஒரு பிளாக் எக்ஸ்புளோரரில், அதாவது கணக்குப் புத்தகத்தைத் தேடிப் பார்க்கும் இணையதளத்தில், போட்டு, எத்தனை காசு சேர்ந்திருக்கிறது, விபைட்டுக்கு எத்தனை சதோஷி, இப்போது ஏறிக்கொண்டிருப்பவை எத்தனை கொடுக்கின்றன என்று பாருங்கள். வித்தியாசம் கொஞ்சம் என்றால் சனி, ஞாயிறு வரை பொறுக்கலாம். கூட்டம் பெரும்பாலும் அப்போது குறையும். தலைபோகிற அவசரம் என்றால் ஆர்பிஎஃப்.

நான் இப்போது கட்டணம் விழுந்து கிடக்கும் நாளாகப் பார்த்துச் சில்லறையை ஒரே காசாகச் சேர்த்து வைக்கிறேன். எல்லாம் ஒரே ஆளுடையது என்று வெளியே தெரிந்துவிடும்தான், எனக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை. வாடிக்கையாளரிடமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பச் சொல்லிவிட்டேன். அவருக்கும் அது லாபமாம். முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றார்.