பெரியவர்களும் அதே தண்ணீரில்தான்

கேள்வி: அக்கா, நான் மாலைநேர வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் வவுனியாவில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். மனம் சோர்ந்த இளம்பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் எப்படித் துணை நிற்பது என்று சொல்லித் தந்தார்கள். ‘தனி அறையில் எதிரே இருத்தி, கண்ணைப் பார்த்துக் கதையுங்கள்’ என்றார்கள். ‘சாக நினைக்கிறாயா என்று நேரே கேளுங்கள்’ என்றார்கள். எங்கள் ஊரில் இது நடக்குமா? என் வகுப்பில் 17 வயதுப் பையன் ஒருவன் சில மாதமாகக் கடைசி வாங்கில் தலை கவிழ்ந்தபடி இருக்கிறான். கேட்டால் தலையிடி என்கிறான். அவனுடைய அண்ணா 2009இல் காணாமல் போனவர், அப்போது அவருக்கும் 17 வயது. தாய் ‘ஆரோ செய்வினை செய்துபோட்டினம்’ என்கிறா. இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்களுக்கும் அந்தப் பயிற்சியைச் செய்து தரும்படி மாதர் சங்கத்தில் கேட்கிறார்கள். எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது?
— பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, பயிற்சியைப் பிறகு பார்ப்போம். அந்தப் பையனோடு இந்தக் கிழமையே கதையுங்கள்.

எதிரே இருத்திக் கண்ணைப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். கதவைச் சாத்தினால் ஊரில் கதை கிளம்பும். அதனால் இடத்தை மாற்றுங்கள். நான் படிப்பித்த காலத்தில் ஒருவன் இப்படித்தான் வாயே திறக்கமாட்டான். ஒருநாள் கச்சான் உடைக்க ஆள் போதாமல் அவனையும் பக்கத்தில் இருத்தினேன். இரண்டு பேரின் கண்ணும் சுளகில். கோது ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று அரைமணி நேரம் போயிருக்கும். “ரீச்சர், அம்மா இரவில அழுறவ. நான் நித்திரை மாதிரிக் கிடப்பன்” என்றான். அவன் கை நிற்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. “எவ்வளவு நாளா?” என்று மட்டும் கேட்டேன். மிச்சமெல்லாம் அவனாகவே சொன்னான்.

தலையிடியைச் சாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மனநோவை உடம்பால் சொல்வதுதான் நம்மவர்களின் வழக்கம். நெஞ்சு படபடக்குது, உடம்பு உளையுது என்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். ‘மனச்சோர்வா?’ என்று கேட்டால் இல்லை என்பான். ‘ஒரே யோசனையா இருக்கோ? நித்திரை வருதோ? சாப்பாடு இறங்குதோ?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

சாவைப் பற்றி நேரே கேட்பதை மட்டும் மாற்றாதீர்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்கும் சொல் நம்முடையதாக இருக்கட்டும்: “செத்துப்போனா நல்லது எண்டு யோசனை வருதோ தம்பி?” ‘அப்பிடி ஒண்டும் யோசிக்கிறேல்லைத்தானே?’ என்று கேட்பது, இல்லை என்ற பதிலை அவன் வாயில் நாமே வைப்பது.

ஓம் என்றால் ஏச வேண்டாம், தலையில் அடித்துச் சத்தியம் வாங்கவும் வேண்டாம். தனியே விடாதீர்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள், உயிர் விஷயத்தில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களும் கூடப் போங்கள். பொலிசில் வழக்காகிவிடும் என்று சனம் இன்னும் பயப்படுகிறது. உயிரை விட முயன்றதைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வயல் செய்கிற வீடென்றால் பூச்சிமருந்துப் போத்தல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அவற்றை வீட்டை விட்டு அகற்றவோ, பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கவோ சொல்லுங்கள். இது சின்ன விஷயமில்லை. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கொடிய நஞ்சுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்யச் செய்ய, அடுத்த இருபது ஆண்டுகளில் அது 70 வீதமளவில் குறைந்தது. அந்த ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டாமல் இருந்ததால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இனிப் பயிற்சி. இந்த மாதிரிப் பயிற்சிகள் பலவற்றுக்கு வேர், 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் பெற்றி கிச்சனரும் டோனி ஜோர்மும் தொடங்கிய ‘மனநல முதலுதவி’. நல்ல முறைதான். ஆனால் முதலுதவி என்றாலே, உதவுகிறவர் கரையில் நிற்கிறார், பிள்ளை தண்ணீரில் தத்தளிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். வன்னியில் பெரியவர்களும் அதே தண்ணீரில்தான் நிற்கிறார்கள். 2009 போரில் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள், பிறகு மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்கள். பிள்ளை ‘ஏலாமல் இருக்கு’ என்றால் அவர்கள் வாயில் உடனே வருவது ‘நாங்கள் படாத கஷ்டமே?’ என்பதுதான். அதில் கல்நெஞ்சம் இல்லை. தங்கள் காயத்தை ஒருவரும் கேட்காததால் வருகிற சொல் அது. ஆனால் பிள்ளையின் வாய் அதோடு அடைத்துவிடும்.

ஆகவே முதல் அரைநாளைப் பெரியவர்களுக்கே கொடுங்கள். பாடத் தாளும் திரையில் படமும் பிறகு வரட்டும். பாய் விரித்துத் தேத்தண்ணி கொடுத்து இருத்துங்கள். சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும், விரும்பாதவர் சும்மா இருக்கட்டும், கட்டாயம் வேண்டாம். யாராவது உடைந்தால் கூட இருக்க, பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரை முன்கூட்டியே கேட்டு அழைத்து வையுங்கள். போர் முடிந்த மே மாதத்தில் வைக்க வேண்டாம், அந்த நாட்களில் எல்லார் மனமும் ஏற்கெனவே பாரம்.

இந்தப் பையனின் தாயைப் போன்றவர்கள் வருவார்கள். காணாமல் போனவரின் படத்துக்கு மாலை போடாத வீடுகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். விளக்கும் இல்லை, திவசமும் இல்லை. மாலை போட்டால் இனி வரமாட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தப் படத்தின் வயதுக்கு இப்போது தம்பி வந்துவிட்டான். இவன் கைக்குழந்தையாய் இருந்தபோது காணாமல் போன அண்ணாவின் முகத்தைத் தாய் ஒவ்வொரு நாளும் இவனில் பார்க்கிறா. அந்தப் பார்வையை அவன் தாங்க வேண்டியிருக்கிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் இருந்து, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடிய அம்மாக்களில் ஒருவரைப் பயிற்சிக்கு அழைத்துப் பேச வையுங்கள். இதை உங்களையும் என்னையும் விட அவ நன்றாக விளங்கப்படுத்துவா.

செய்வினை என்று சொல்கிற தாயோடு வாதாட வேண்டாம். பார்வை பார்க்கட்டும், நூல் கட்டட்டும், வற்றாப்பளை அம்மனுக்கு நேரட்டும். அதோடு கிளினிக்குக்கும் வரட்டும். அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்துவது என்று யாராவது தொடங்கினால் அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதைப் பண்பாடு என்று சொல்லி மூடி மறைக்க விடவும் கூடாது.

பயிற்சிக்கு நாள் குறித்தால் எழுதுங்கள். அந்தப் பிள்ளையோடு கதைத்தது எப்படிப் போனது என்பதை அதற்கு முன்னமே எழுதிவிடுங்கள்.