ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கும் அண்ணன் வீட்டாரையே சந்தேகப்படுகிறார். நிறுத்தினால் இது மாறுமா?

பெரும்பாலானவர்களுக்கு மாறும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். "சோற்றில் விஷம் வைக்கிறோம் என்கிறார், நாங்கள் என்ன பாவம் செய்தோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவன். இரவு வேலையில் தூக்கம் வராமலிருக்க யாரோ பழக்கிவிட்டார்கள். தலவாக்கலைப் பக்கமுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் தீபாவளிக்கு வந்தவன் மூன்று இரவு கண் மூடவில்லை. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளில் கமெரா வைத்திருக்கிறார்கள் என்று சவர்க்காரத்தைப் பிசைந்து ஒவ்வொன்றாக அடைத்தான். மறுநாள் மழை. கட்டிலில் நுரை சொட்டியது. அம்மா பேசாமல் சட்டியை எடுத்து வைத்தார்.

"கமெராவும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று வாதாடினேன். "அப்படியென்றால் நீயும் அவர்களுடைய ஆள்தான்" என்றான். அறைந்துவிட்டேன். பிறகு பூசாரியிடம் கூட்டிப்போய் இரண்டு வாரத்தை வீணாக்கினேன். படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்பவர்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஒரு காம்பரா அறையில் கத்தினால் லயம் முழுக்கக் கேட்கும். பேய் என்றால் திருநீறு கொண்டுவந்து தருவார்கள். ஐஸ் என்றால் தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் போய்விடும். பொலிஸ் பயம் வேறு. 2022 இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, 5 கிராமுக்கு மேல் கையில் இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மூளையில் டொபமைன் அளவுமீறிச் சுரந்தால் சும்மா கிடக்கும் பொருளெல்லாம் தன்னைக் குறிவைப்பதாகத் தோன்றும், தூக்கமில்லாதது அதை இன்னும் கிளறிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதனால் வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "பயமாக இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறேன்" என்றால் போதும். கத்தியைத் தூக்கினால் மட்டும் தள்ளி நின்று ஆட்களைக் கூப்பிடுங்கள். நான் டாக்டர் இல்லை. எங்கே காட்டுவது என்று போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு அழைத்துக் கேளுங்கள், மனநல ஆலோசனைக்கு 1926.

நிறுத்திய பத்தாம் நாள் கமெராப் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. மாதக்கணக்கில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரிக்கெட் போட்டாலும் திரும்பவில்லை. அதுவும் மெல்ல மெல்லத்தான் தேறியது. இப்போது சந்தேகப்படுவது நாங்கள். அவன் குளிக்கப் போனால் அம்மா சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். அவனுக்கும் அது தெரியும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தம்பியின் கிளினிக் கடிதம் அங்கே பிரிக்கப்பட்டு, நான்கு கை மாறி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சாகி, கடைசியில்தான் எங்கள் கைக்கு வந்தது. சம்பந்தம் போனது அந்த வாரம்தான். ஐஸ் பாவித்தவன் ஒருவன், கடிதத்தைப் பிரித்தவன் வேறொருவன். பிரித்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கிளினிக்கில் விவரம் பதியும்போது உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். அடுத்த திகதியையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.