பெயர் பெற்ற கல்லூரியா, பிடித்த பாடமா?

கேள்வி: இரண்டு கல்லூரிகளில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. தரவரிசையில் முன்னே நிற்கும் கல்லூரியில், ஆர்வமில்லாத பாடப்பிரிவுதான் கிடைக்கிறது. நான் விரும்பும் பாடம் உள்ள கல்லூரியைப் பலருக்குத் தெரியாது. வீட்டில் அனைவரும் முதல் கல்லூரியையே சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு மாணவி

பதில்: தரவரிசை எதை அளக்கிறது என்பதை முதலில் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கியூ.எஸ். உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் 30 விழுக்காடு மதிப்பெண், கல்வியாளர்களிடம் நடத்தப்படும் நற்பெயர்க் கருத்துக்கணிப்புக்கே போகிறது. முதலாண்டு வகுப்பில் யார் பாடம் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்பதை அந்த எண் சொல்லாது. வேறு சில தரவரிசைகளோ கல்லூரிகளே அனுப்பும் விவரங்களை நம்பியிருப்பவை. கொலம்பியா பல்கலைக்கழகம் அளித்த விவரங்கள் சரியல்ல என்று அங்கேயே பணிபுரியும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022இல் எழுதிய பிறகு, ஓர் அமெரிக்கத் தரவரிசையில் 2ஆம் இடத்தில் இருந்த அப்பல்கலைக்கழகம் அதே ஆண்டில் 18ஆம் இடத்துக்கு இறங்கியது. சில மாதங்களுக்குள் அங்கே கற்பித்தல் அவ்வளவு கெட்டுப்போயிருக்குமா என்ன?

வருமானம் குறைந்துவிடும் என்பது வீட்டாரின் கவலையாக இருக்கலாம். ஒரே வகையான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே வகையான சேர்க்கை முடிவுகளைப் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டு, அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குருகரும் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், பெயர் பெற்ற கல்லூரிக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பின்னாளைய வருமானத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்குப் பெயர் பெற்ற கல்லூரியால் பயன் இருந்தது. உங்கள் குடும்பம் அந்நிலையில் இருந்தால் வீட்டார் சொல்வதிலும் நியாயம் உண்டு; முதல் கல்லூரியில் ஓராண்டுக்குப் பின் பாடப்பிரிவை மாற்றிக்கொள்ள விதி இருக்கிறதா என்று எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்பிச் சேராதீர்கள்.

மற்றபடி, நான் இரண்டாவது கல்லூரியையே சொல்வேன். ஆனால் சேருமுன் சாதாரண வகுப்பு நாளொன்றில் அங்கே போய், இறுதியாண்டு மாணவர்களிடம் பேசிப் பாருங்கள். வேலைவாய்ப்பு விழுக்காட்டைச் சொன்னால், அது படித்து முடித்த அனைவரிலுமா, வேலைக்குப் பதிவு செய்தவர்களில் மட்டுமா என்று கேளுங்கள். விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளம் ஒருவருடையது. உங்களுக்கு வேண்டியது இடைநிலைச் சம்பளம், அதாவது எல்லாருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது.

கேள்வி: கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பள்ளியில் முதல் மாணவனாக இருந்த எனக்கு இங்கே பாடம் பிடிபடவில்லை; நண்பர்களும் இல்லை. விலகிவிடலாமா?
– முதலாண்டு மாணவர்

பதில்: மூன்று வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம். மாணவர்கள் ஏன் படிப்பை இடையில் விடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த வின்சென்ட் டிண்டோ, படிப்போடு ஒன்றுவது, சக மனிதர்களோடு ஒன்றுவது ஆகிய இரண்டையும் முக்கியமாகக் கருதினார் (1975). உங்களுக்கு இப்போது இரண்டுமே இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே தேடலாம். வகுப்பில் இருவரைச் சேர்த்துக்கொண்டு வாரம் இருமுறை கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். ஆசிரியரிடம் போகும்போது “எதுவும் புரியவில்லை” என்று சொல்லாமல், எந்த வரியில் தடுக்கிறது என்று காட்டுங்கள்.

படிக்கும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும். ரோடிகர், கார்பிக்கே ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களே ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். பள்ளியில் உங்களுக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் திரும்பத் திரும்பப் படிக்கும் முறையாகத்தான் இருக்கும். அன்றைய பாடத்தை அன்றிரவே நோட்டை மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் குறைந்தால் கல்லூரியின் மனநல ஆலோசகரைத் தயங்காமல் சந்தியுங்கள்.

கேள்வி: விடுதியில் அறைத்தோழி இரவு இரண்டு மணி வரை விளக்கை அணைப்பதில்லை. எப்படிச் சொல்வது?

பதில்: பகலில், சிரித்த முகத்தோடு, இந்த வாரமே சொல்லிவிடுங்கள். செமஸ்டர் முழுவதும் போர்வைக்குள் முணுமுணுத்துவிட்டுத் தேர்வுக்கு முந்தைய இரவில் வெடிப்பவர்களே அதிகம். மேசை விளக்கு ஒன்றை இருவருமாகச் சேர்ந்து வாங்கினால் போதும்.