நண்பர்கள் ஒரே அறையில் கூடி ஆடும் பார்ட்டி வீடியோ கேமுக்கு உட்கார்ந்தாலே சண்டையில் முடிகிறது. ஆட வராதவர்களை ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்காதீர்கள்.

நீங்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேருக்கு நன்றாக ஆட வரும், மற்ற நான்கு பேருக்குக் கன்ட்ரோலரைப் பிடிக்கவே தெரியாது, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுந்து போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பேரில் நீங்களும் ஒருவர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆட வராதவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். அவர் ஓரமாக உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் நண்பர் கூட்டத்தில் பல வருடங்களாக ஆட்டத்தை நடத்துவது நான்தான். எந்த கேம், யாரோடு யார், எப்போது நிறுத்துவது எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சண்டைக்குக் காரணம் ஆட வராதவர்கள் அல்ல. ஆட வந்தவர் எந்த கேமை எடுக்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒருநாள் ஓவர்குக்டு 2 ஆடிக்கொண்டிருந்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நான்கு பேர் வரை ஒரே சமையலறையில் வேலை செய்யும் கேம். மேலே ஆர்டர் வரும். நறுக்க வேண்டும், அடுப்பில் ஏற்ற வேண்டும், தட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வரும் அழுக்குத் தட்டைக் கழுவ வேண்டும். அடுப்பை மறந்தால் தீப்பிடிக்கும். நண்பன் ஒருவன் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவர் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறையாகக் கன்ட்ரோலரைத் தொடுகிறார்.

நான் அவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நமக்கு விரலே தேடிக்கொள்ளும், அவருக்குக் கண் தேட வேண்டும். பட்டனைக் கண்டுபிடித்து நிமிர்வதற்குள், திரையில் ஓடிக்கொண்டிருக்கும் நான்கு சமையல்காரர்களில் தன்னுடையது எது என்று மறுபடியும் தேட வேண்டும். அதற்குள் தம்பி கத்த ஆரம்பித்துவிடுவான். "அக்கா, தட்டு! தட்டு எங்க? அங்க இல்லக்கா, இந்தப் பக்கம்! ஐயோ, கழுவாம ஏன் நிக்கறீங்க?" அவர் சரியான பட்டனை அழுத்தும்போது நிற்கும் இடம் தப்பாக இருக்கும். சரியான இடத்துக்கு வரும்போது பட்டன் மறந்திருக்கும். பாத்திரம் தீப்பிடித்ததும் அவன் எட்டி அவர் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கினான். "குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஆடுங்கடா, நான் பாக்கறேன்" என்று அவர் நகர்ந்து உட்கார்ந்தார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். உங்கள் வீட்டிலும் எழுந்து போகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

உடனே கேமை நிறுத்தினேன். நல்ல ஸ்கோர் வந்துகொண்டிருந்தது, இருவர் முணுமுணுத்தார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு லேப்டாப்பில் வேறொன்றைத் திறந்தேன்: கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ். 2015இல் வந்த கேம். ஒருவர் மட்டும் திரையைப் பார்ப்பார். அவர் முன்னால் ஒரு வெடிகுண்டு, ஒயர்கள், பட்டன்கள், விநோதமான குறியீடுகள், ஓடும் கடிகாரம். மற்றவர்கள் கையில் 23 பக்கக் கையேடு. குண்டைப் பார்ப்பவர் கையேட்டைப் பார்க்கக் கூடாது, கையேடு வைத்திருப்பவர்கள் குண்டைப் பார்க்கக் கூடாது. பேசித்தான் செயலிழக்கச் செய்ய வேண்டும். கையேட்டை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், கேம் ஒருவரிடம் இருந்தால் போதும்.

தம்பியைக் குண்டின் முன்னால் உட்காரவைத்தேன். அச்சடித்து வைத்திருந்த கையேட்டை அக்கா கையில் கொடுத்தேன். "ஆட வேண்டாம்க்கா, படிச்சுச் சொன்னாப் போதும்" என்றேன். வாங்கிக்கொண்டார். முதல் குண்டுக்கு ஐந்து நிமிடம். அக்கா வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே தம்பி ஒயரை வெட்டினான், தப்பு. தப்பு நடந்தால் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும், மூன்றாவது தப்பில் வெடித்துவிடும். வெடித்தது.

அடுத்ததில் அக்காவின் குரல் மாறிவிட்டது.

"எத்தனை ஒயர்?"

"நாலு."

"மேலேருந்து கலரைச் சொல்லு."

"சிவப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள்."

"சீரியல் நம்பர்ல கடைசி எண் என்ன?"

"அது எங்க இருக்கு?"

"எனக்கென்னடா தெரியும், பெட்டியத் திருப்பிப் பாரு."

"ஏழுக்கா."

"ஒத்தப்படை. அப்ப கடைசி சிவப்பு. மூணாவது ஒயர். வெட்டாத, முதல்ல எந்த ஒயர்னு திருப்பிச் சொல்லு."

குறியீடுகள் வந்தபோது இவன் "ஒரு நட்சத்திரம் இருக்கு" என்றான். "உள்ள கறுப்பா, வெறும் கோடா?" என்றார் அவர். "நட்சத்திரம் நட்சத்திரம்தான்க்கா!" "ரெண்டுவிதமும் இருக்கு, பாத்துச் சொல்லு." கறுப்பு. அடுத்தது சூலம், அதற்கடுத்தது சிரிக்கும் மூஞ்சி. விரலைப் பக்கத்தில் ஓட்டி நிறுத்தி, "சூலத்துல ஆரம்பி, நட்சத்திரம் கடைசி" என்றார். அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குண்டு வெடிக்கவில்லை. அதன்பிறகு அன்று இரவு முழுக்கக் கையேட்டை யாரிடமும் அவர் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாள் முழுக்க வவுச்சரையும் லெட்ஜரையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பவர் அவர். அந்தத் திறமைக்கு ஓவர்குக்டுவில் இடமே இல்லை, இதில் அதுதான் எல்லாமே. உங்கள் நான்கு பேரிடமும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும். நன்றாகப் பொய் சொல்பவர், கிறுக்கலாக வரைந்தாலும் சிரிக்கவைப்பவர், சொன்னதை மறக்காதவர். கேமை முதலில் முடிவு செய்துவிட்டு ஆட்களை அதற்குள் திணிக்காதீர்கள்.

"கேம் என்றால் திறமை வேண்டாமா, தோற்றால் தாங்கப் பழக வேண்டாமா, இதெல்லாம் குழந்தைத்தனம்" என்று சொல்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். நானும் போட்டி கேம் ஆடுகிறவன்தான். சமமான ஆளோடு சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை கேமை ஆடி ஒரு உயிர் வித்தியாசத்தில் தோற்பதும் பிடிக்கும், ஜெயிப்பதும் பிடிக்கும். ஆனால் பார்ட்டி கேம் என்ற வகையே வேறு நோக்கத்தோடு செய்யப்பட்டது. வண்டிப் பந்தய கேமான மேரியோ கார்ட்டைப் பாருங்கள். முன்னால் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாணயமும் வாழைப்பழத்தோலும். கடைசியில் வருபவருக்கு, ராக்கெட் மாதிரித் தூக்கிக்கொண்டு போய் முன்னால் விடும் புல்லட் பில். 1996இல் வந்த மேரியோ கார்ட் 64இலிருந்து முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப்போய் அடிக்கும் நீல ஆமை ஓடு வேறு இருக்கிறது. இது அநியாயம் என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த கேமைச் செய்தவர்கள் தெரிந்தேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரே அறையில் இருக்கும் நான்கு பேரும் கடைசிச் சுற்றுவரை ஆட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக.

மேரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஸ்மார்ட் ஸ்டீயரிங் என்று ஒரு வசதி உண்டு, வண்டி பாதையைவிட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரும் தானாகவே அழுந்தும்படி வைக்கலாம். புதியவர்களுக்கு அருமையான விஷயம். ஒரே சிக்கல், அதைப் போட்டுக்கொண்டவரின் வண்டிக்குப் பின்னால் ஒரு ஆன்டெனா நிற்கும், யாருக்கு உதவி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் எல்லாருமே போட்டுக்கொள்வோம், நான் உட்பட. அதைப் போட்டால் சில குறுக்குவழிகளில் போகவிடாது, ஆகவே நன்றாக ஆடுபவர்களின் வேகமும் கொஞ்சம் குறையும். உங்கள் அறையில் முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

அமாங் அஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் அதை நினைத்திருப்பீர்கள். கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கொலையாளியை, அதாவது இம்போஸ்டரை, மற்றவர்கள் பேசி ஓட்டுப்போட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய கேம் அது. 2018இல் வந்து கவனிப்பாரின்றிக் கிடந்து, 2020இல் எல்லாரும் வீட்டில் அடைந்திருந்தபோது உலகமே ஆடிய கேம். முதலில் பத்துப் பேர் வரைதான், பிறகு பதினைந்தாக்கினார்கள். ஆறு பேருக்கும் நன்றாகவே இருக்கும், கன்ட்ரோலர் தேவையில்லை, ஃபோன் போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே ஆளை முதலில் கொல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செத்தவர் ஆவியாக டாஸ்க் என்ற சின்னச் சின்ன வேலைகளை முடிக்கலாம்தான், ஆனால் உயிரோடு இருப்பவர்களோடு பேச முடியாது. போன ஆட்டத்தில் முதலில் செத்தவரை இந்த ஆட்டத்தில் முதலில் கொல்லக் கூடாது என்று நாங்கள் விதி வைத்திருக்கிறோம்.

அந்த கேமின் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும் காலம் ஒன்று இருந்தது. காரணம் கேம் அல்ல, அலுவலகம். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் "குழு உற்சாகம்" என்ற பெயரில் வாரக்கடைசி மாலையில் எல்லாரும் கட்டாயம் சேர்ந்து ஆட வேண்டும் என்றார்கள். யார் வந்தார்கள், வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டத்தில் மேனேஜர்தான் இம்போஸ்டர். பிணத்தின் பக்கத்தில் அவர் நின்றதை மூன்று பேர் பார்த்திருக்கிறோம். கூட்டம் கூடியது. ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருவர் "சார் இம்போஸ்டரா இருக்க மாட்டாருன்னு நினைக்கறேன்" என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவனுக்கு ஓட்டு விழுந்தது, அவனை வெளியேற்றினோம். அந்தப் பையனுக்கும் விஷயம் தெரியும், அவனும் ஒன்றும் சொல்லவில்லை. சமமாக உட்கார முடியாத இடத்தில் விளையாட்டை நுழைப்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வேலைநேரம் முடிந்தபின் அவரவர் வீட்டுக்குப் போக விட்டிருந்தாலே எங்களுக்கு உற்சாகம் வந்திருக்கும். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு ஆதங்கம், இது ஓரளவு சம்பந்தமுள்ளது. ஒரே திரையைப் பிரித்துச் சேர்ந்து ஆடும் வசதி பெரிய கேம்களில் குறைந்துகொண்டே வருகிறது. அதற்கென்றே பேர்போன, துப்பாக்கிச் சண்டை கேமான ஹேலோ வரிசையில்கூட 2015இல் வந்த ஹேலோ 5இல் அதை எடுத்துவிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து ஆட நான்கு கன்சோல், நான்கு கணக்கு, நான்கு இணைப்பு என்றால் புதிதாக ஆட வருபவர் எப்படி வருவார்? நண்பன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, ஒரு கூடுதல் கன்ட்ரோலரை வாங்கித்தான் நம்மில் பெரும்பாலோர் இதற்குள் வந்தோம். அந்த வாசலை இன்னும் திறந்துவைத்திருப்பவை பார்ட்டி கேம்கள்தான். அவற்றைக் குழந்தைத்தனம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காததும் அதனால்தான்.

சரி, உங்கள் ஆறு பேருக்கு வருவோம். ஓவர்குக்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் தொகுப்புப் பதிப்பான ஆல் யூ கேன் ஈட்டில் அசிஸ்ட் மோடு இருக்கிறது, நேரம் தாராளமாகக் கிடைக்கும். தட்டு கழுவுவது போல ஒரே ஒரு வேலையை மட்டும் புதியவருக்குக் கொடுங்கள், நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகர வேண்டியிருக்காது. ஆனால் நான்கு பேர்தான் ஆட முடியும், இரண்டு பேர் சும்மா இருப்பார்கள், ஆகவே அதை முதலில் எடுக்காதீர்கள். ஜாக்பாக்ஸ் நல்ல கேம், ஃபோனே கன்ட்ரோலர். இருந்தாலும் அதில் பாதி சிரிப்பு ஆங்கிலச் சொல் விளையாட்டிலும் அமெரிக்கச் சங்கதிகளிலும் இருக்கிறது, அதில் பழக்கமில்லாதவர் மறுபடி ஓரத்துக்குப் போய்விடுவார். அதைவிட கார்ட்டிக் ஃபோன் மேல். ஒருவர் ஒரு வாக்கியம் எழுதுவார், அடுத்தவர் அதை வரைவார், அதற்கடுத்தவர் படத்தை மட்டும் பார்த்து வாக்கியம் எழுதுவார், இப்படியே போகும். தமிழிலேயே எழுதலாம், யாரும் ஜெயிக்கவும் வேண்டாம்.

யார் கையிலிருந்தும் கன்ட்ரோலரைப் பிடுங்கக் கூடாது என்பதை மட்டும் முதல் விதியாக வையுங்கள். அவரே நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

வெடிகுண்டு கேமை எடுப்பதாக இருந்தால், ஒருவர் திரையில், மற்ற எல்லாரும் கையேட்டில், ஒவ்வொரு குண்டுக்கும் ஆளை மாற்றுங்கள். உங்களுக்கு நன்றாக ஆட வருமென்பதால் முதல் குண்டுக்கு முன்னால் நீங்களே உட்காருங்கள், கட்டளை அவர்களிடமிருந்து வரட்டும். கையேட்டை அச்சடித்து, பின் அடிக்காமல் தனித்தனித் தாளாக வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்குச் சில பக்கம் பிரித்துக் கொடுக்க வசதியாக இருக்கும். ஃபோனில் திறந்துவைத்தால் சரியான பக்கத்தைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.