'தௌ' என்றால் தாங்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,
பழைய ஆங்கில நாடகம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'தௌ' (thou) வருமிடமெல்லாம் 'தாங்கள்' என்று போட்டேன். பைபிளில் கடவுளையே அப்படித்தானே அழைக்கிறார்கள்? நண்பர் 'நீ' என்கிறார். எது சரி?
ர., பாளையங்கோட்டை

அன்புள்ள ர.,

நண்பர் சொல்வதே சரி. 'தௌ' ஒருமை, 'யீ', 'யூ' பன்மை. ஒருவரையே பன்மையில் அழைத்தால் அது மரியாதை, நம் 'நீங்கள்' போல. எனவே 16ஆம் நூற்றாண்டு நாடகத்தில் எஜமானர் வேலையாளைத் 'தௌ' என்பார். வேலையாள் 'யூ' என்றே பதில் சொல்வான். நெருங்கியவர்களுக்குள்ளும் 'தௌ' உண்டு. சமமானவரிடம் திடீரென்று வந்தால் வசவு. 1603இல் ஆங்கிலேயக் கடலோடி வால்ட்டர் ராலே மீதான ராஜதுரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், 'உன்னைத் தௌ என்கிறேன், துரோகியே' என்று சீறினார். அங்கே 'தௌ' வினைச்சொல்லாகவே வருகிறது: 'ஒருமையில் பேசினார்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுமே, அதுதான்.

பைபிள் கதை வேறு. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் மரியாதைப் பன்மை கிடையாது. மூலத்து ஒருமையை 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒருமையாகவே வைத்தது. கடவுளுக்கும் 'தௌ', சாத்தானுக்கும் 'தௌ'. இதில் லாபமும் உண்டு. லூக்கா 22:31இல் சாத்தான் கோதுமைபோலப் புடைக்கக் கேட்பது 'யூ', அதாவது சீடர் எல்லோரையும். அடுத்த வசனத்தில் இயேசு வேண்டிக்கொள்வது 'தீ' ('தௌ'வின் செயப்படுபொருள் வடிவம், thee), பேதுரு ஒருவனுக்காக. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ'தான். தமிழ் 'உங்களை', 'உனக்காக' என்று தப்பித்துக்கொண்டது. ஜெபத்தில் மட்டும் நமக்கு 'நீர்' வேண்டியிருக்கிறது. அது தமிழின் மரியாதை, ஆங்கிலத்தினுடையது அல்ல.

ஆகவே 'தௌ'வைப் பார்த்ததும் ஒரே சொல்லைப் போடாதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். ஒரே ஆள் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு இறங்கும் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபமோ கொஞ்சலோ அங்கே தொடங்குகிறது. 'நீங்க'வை 'நீ' ஆக்கினாலே போதும்.

வடிவங்கள்: எழுவாய் 'தௌ', செயப்படுபொருள் 'தீ', உடைமை 'தை', உயிரொலிக்கு முன் 'தைன்'. 'தௌ'வோடு வினை 'எஸ்ட்' என முடியும்: 'தௌ கோயஸ்ட்' (நீ போகிறாய்). ஆர்ட் (art), ஷால்ட் (shalt), வில்ட் (wilt) விதிவிலக்கு. 'எத்' விகுதி 'அவன், அவள், அது' ஆகியவற்றுக்கு மட்டும். பழைமை தொனிக்க 'ஐ கோயெத்' என்று விளம்பரங்களில் எழுதுகிறார்களே, அது 'நான் போகிறான்' என்பது போல.