இம்பாலில் சுடாத நாயகி

கேள்வி: மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து இம்பால் போரில் எதிரிகளைச் சுடுவதாக நாவல் எழுதுகிறேன். கதைதானே, இந்தச் சுதந்திரம் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அவள் பெயர், குடும்பம், காதல் எல்லாவற்றையும் விருப்பம்போல் புனையுங்கள். இம்பாலில் மட்டும் அவளைச் சுட வைக்காதீர்கள். ஜப்பானியரோடு சேர்ந்து அந்த ராணுவம் 1944 மார்ச்சில் இம்பாலை நோக்கித் தொடங்கிய படையெடுப்பு ஜூலையில் முறிந்தது. ராணிகள், அதாவது அந்தப் படைப் பெண்கள், பர்மாவில் மேமியோ வரை போய்க் காத்திருந்தார்கள். போர்முனைக்கு அழைப்பு வரவே இல்லை. துப்பாக்கியும் துப்பாக்கி ஈட்டியும் பழகிய பெண்கள், தோற்றுத் திரும்பிய ஆண்களின் புண்களைக் கழுவிக் கட்டினார்கள். சண்டைக்கென்றே வந்தவளுக்கு அந்த வேலை எப்படி வலித்திருக்கும்! அதை எழுதுங்கள். எந்தக் கற்பனைச் சண்டையும் அதற்கு ஈடாகாது.

அவள் சேர்ந்த காரணத்தைத் தேசபக்தி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது 1943 அக்டோபர் 22 அன்று. சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்ததும் அதே மாதத்தில்தான். அந்தப் பாதை போட ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அவள் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

முகாமில் ஆணைகள் இந்துஸ்தானியில் வரும், அவளுக்குப் புரியாது. ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, கங்காணியின் அதட்டலுக்கு நடுவே பால்மரம் சீவிய உடம்பு அது. வரிசையில் நிற்பது அவளுக்குப் புதிதல்ல. காக்கிக் கால்சட்டைதான் புதிது. முதல் நாள் அதில் நடக்கும்போது கை தானாக முந்தானையைத் தேடும்.

உச்சக்கட்டத்துக்குக் குண்டுவீச்சு வேண்டுமென்றால், 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனிலிருந்து பின்வாங்கிய பயணம் இருக்கிறது. பகலில் விமானங்களுக்குப் பயந்து மரங்களுக்கிடையே பதுங்கல், இரவில் சேற்றில் நடை, பிறகு சித்தாங் ஆற்றைக் கடந்து செல்வது. போஸும் அவர்களோடு நடந்தார்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள்: படையின் தலைவி கேப்டன் லட்சுமியை அந்த நடையில் சேர்த்துவிடுகிறார்கள். அவர் பர்மாவிலேயே தங்கிப் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டவர். அந்த அணியில் உங்கள் நாயகிக்கு அதிகாரி தேவையென்றால், ஜானகி தேவர் அங்கே இருந்தார்.